மணலுக்குக் கீழே ஓர் ஓடு

அன்று காலை மணி ஆறு நாற்பது. வானம் முழுக்க மூடியிருந்தது. மழை இல்லை, காற்று இல்லை, பொட்டு வெயில் இல்லை. இதை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அகழாய்வுக் குழியின் மண் அடுக்குகளைப் படம் எடுக்க அப்படிப்பட்ட வெளிச்சம்தான் வேண்டும். வெயில் அடித்தால் ஒரு சுவரின் நிழல் இன்னொரு சுவரில் விழும். மண்ணின் உண்மையான நிறம் தெரியாது. பங்குனியில் எங்கள் பக்கம் அப்படி ஒரு காலை அமைவது அபூர்வம். அதற்காகவே நான் காத்திருந்தேன். அது வந்த அன்றைக்கு டாக்டர் நல்லபெருமாளும் வந்தார். என் வெளிச்சத்தை அவர் எடுத்துக்கொண்டார்.

உங்கள் கைப்பேசியில் இப்போது பேசிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். இல்லை, நிறுத்த வேண்டாம். சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தால் போதும். சாத்தூரில் நீங்கள் இந்த ரயிலில் ஏறியதிலிருந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறேன். நீங்கள் பார்ப்பது வேம்படிமேட்டில் எடுத்தது. அந்தக் குழி என்னுடையது. என் பெயர் செண்பகவல்லி. கல்லூரியில் வரலாற்றுத் துறை இணைப் பேராசிரியர், வேம்படிமேடு அகழாய்வின் இயக்குநர். கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள். இன்னும் கொஞ்சம். அங்கே, கத்தரிப்பூ நிறச் சேலை. அது நான். உற்றுப் பாருங்கள்: என் வாய் அசைகிறது. கேட்பது அவர் குரல்.

அன்று காலை நான் அந்தக் கேமராவுக்கு முன்னால் நின்று, வேம்படிமேட்டில் மக்கள் எப்போது குடியேறினார்கள், ஆறு எப்படித் திசை மாறியது, எதை நாங்கள் உறுதியாகச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று தெளிவாக, வரிசையாக விளக்கினேன். ஒரு வாக்கியத்தைக்கூட நான் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒளிபரப்பில் அது அப்படியே அவருடைய குரலுக்கடியில் போய்விட்டது. நான் கையை ஆட்டி ஏதோ வழி சொல்லும் பெண்மணிபோல இருக்கிறேன், இல்லையா? என் பெயரைக்கூடத் திரையில் போடவில்லை.

உங்கள் மகள் இந்த நிகழ்ச்சியை விடாமல் பார்ப்பாள் என்கிறீர்கள். பார்க்கட்டும். நான் நியாயமாகத்தான் பேசுகிறேன். அவர் போலி விஞ்ஞானி அல்ல. ஆற்று மணலைப் பற்றி அவருக்கு நிறையத் தெரியும். எந்த மணல் நின்று படிந்தது, எந்த மணல் அடித்துக்கொண்டு வந்து விழுந்தது என்று சொல்லிவிடுவார். பணி ஓய்வு வரை அதுதான் அவர் வேலை. அதோடு நின்றிருக்கலாம். நின்றால் யார் பார்ப்பார்கள்? ஓய்வு பெற்ற பிறகு டிவி நிகழ்ச்சி நடத்தக் கிளம்பி, அந்தக் கையில்லாக் கோட்டைப் போட்டுக்கொண்டார். எத்தனை பை இருக்கிறது பாருங்கள் அதில். ஒன்றிலும் ஒன்றும் கிடையாது. அருகில் நின்று பார்த்தவள் சொல்கிறேன். ஒரு பென்சில்கூட இல்லை. எங்களிடம்தான் இரவல் வாங்கினார்.

வந்ததும் குழிக்குள் இறங்கினார். எங்கள் குழியின் நடுவில் ஒரு மஞ்சள் மணல் அடுக்கு உண்டு. அதற்கு மேலே பானைகள், மணிகள், எழுத்துக் கீறிய ஓடு ஒன்று, எல்லாம் கிடைத்திருந்தன. அதற்குக் கீழே எதுவுமே கிடைக்கவில்லை. கீழே மனிதர் வாழ்ந்த தடயம் ஒன்று கிடைத்தால் ஊரின் வயது சில நூற்றாண்டுகள் பின்னே போகும். கிடைக்காவிட்டால், அனுமதி தரும் குழு முன்பே சொல்லிவிட்டது, இந்தப் பருவத்தோடு குழிகளை மூடிவிட வேண்டியதுதான். மூடினால் எனக்கு இன்னொரு அகழாய்வு கிடையாது. என் வயதில் யார் புதிதாகத் தருவார்கள்? இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் மணலைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார்.

"ஒரே வெள்ளம் மேடம். ஒரே ராத்திரியில வந்து கொட்டியிருக்கு," என்றார்.

அது எனக்கும் தெரியும். நான் அதை மூன்று சாத்தியங்களில் ஒன்றாக என் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அவர் ஊதிப் பார்த்துச் சொன்னதும், என் சக ஆய்வாளர் ஜெபசீலன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஜெபசீலனும் நானும் ஒரே துறை; நாசரேத்துக்காரர்; எத்தனையோ பருவங்கள் ஒன்றாக மண்ணில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறோம். என் அறிக்கையைப் படித்தபோது அவர் வாய் அப்படித் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் காட்சி. கண்டெடுக்கும் காட்சி. எழுத்துக் கீறிய ஓட்டை நாங்கள் கண்டெடுத்து ஒரு மாதம் ஆகிவிட்டது. கழுவி, காயவைத்து, பின்புறத்தில் மையால் குழியின் எண்ணும் அடுக்கின் எண்ணும் எழுதி, பெட்டிக்குள் வைத்தாயிற்று. அதைத் திரும்ப மண்ணில் புதைத்து, அவர் கையால் எடுப்பதுபோலப் படம்பிடிக்க வேண்டுமாம். நான் முடியாது என்றேன். ஒரு பொருள் மண்ணிலிருந்து ஒரு முறைதான் வெளியே வரும் என்றேன்.

"பாக்குறவங்களுக்கு அந்த ஒரு நிமிஷச் சந்தோஷம் வேணும் மேடம். நாம பாத்தத அவங்களும் பாக்கணும்ல."

நாம் பார்த்ததையாம். அவர் அப்போது சென்னையில் இருந்தார்.

அசலைத் தரமாட்டேன் என்றதும் அவருடைய அரங்க வேலைக்காரர் ஒருவர், முழங்கைவரை பச்சை குத்தியவர், நாங்கள் ஒதுக்கித் தள்ளிய ஓட்டுக் குவியலுக்குப் போனார். எந்த அகழாய்விலும் அப்படி ஒரு குவியல் உண்டு. கழுவிப் பார்த்து, எழுத்தோ வேலைப்பாடோ இல்லை என்று ஒதுக்குபவை. அங்கிருந்து அகலமான ஒரு கறுப்பு சிவப்பு ஓட்டை எடுத்து, மூன்றாக உடைத்து, மூன்றிலும் ஆணியால் அசலின் எழுத்துகளை அப்படியே கீறினார். ஒவ்வொரு முறை படம் எடுக்கும்போதும் புதிதாக ஒன்று வேண்டுமாம். நிறம் மாறக்கூடாதாம், அதனால் ஒரே ஓட்டின் மூன்று துண்டு. நல்லபெருமாள் மணல் அடுக்குக்குக் கீழே நாங்கள் தோண்டியிருந்த தளத்தில், கிழக்கு மூலையில் உட்கார்ந்துகொண்டார். அங்கேதான் முகத்தில் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம்.

நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். வெளியிலிருந்து வந்தது எதுவும் என் குழிக்குள் தங்கக்கூடாது. அவர் நெஞ்சில் கையை வைத்து, "என் பொறுப்பு மேடம்," என்றார். நான் கொட்டகைக்குப் போய்விட்டேன். அந்தக் கூத்தை நின்று பார்ப்பது எனக்குக் கௌரவக் குறைவு. அவர்கள் எப்போது முடித்தார்கள், எப்படிக் கிளம்பினார்கள், எனக்குத் தெரியாது. கிளம்பும்போது அவர் கொட்டகை வாசலில் நின்று விடை கேட்டதாக ஜெபசீலன் சொன்னார். நான் வேலையாக இருந்தேன்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. கல்லூரியில் எல்லோரும் பார்த்தார்கள். திங்கட்கிழமை எங்கள் முதல்வர் அம்மையார் என்னைக் கூப்பிட்டு, "நல்லா இருந்துச்சு செண்பகம், அந்த டாக்டர் எவ்வளவு எளிமையாச் சொல்றார்," என்றார். என் கணவர் அந்த நிகழ்ச்சியை இரண்டாவது முறையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். பால்காரர் என்னிடம், அக்கா, அந்த ஓட்டை அவர் எடுத்தபோது நீங்களும் பக்கத்தில் இருந்தீர்களா என்று கேட்டார். இருந்தேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்த வாரமே அது கிடைத்தது.

மணலுக்குக் கீழே. கிழக்கு மூலையில். எழுத்துக் கீறிய ஓடு. நானே இறங்கிக் கைக்கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். வேறு யாரையும் அன்று நான் அங்கே இறங்கவிடவில்லை. விரல் தட்டியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அழுகிற பழக்கமுள்ளவள் அல்ல. அன்று குழிக்குள் உட்கார்ந்து முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டேன். மேலே நின்ற ஜெபசீலன் என்ன மேடம், என்ன மேடம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தூக்கிக் காட்டினேன். அவர் முகம் மலரவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அது படப்பிடிப்பு நடந்த அதே மூலை என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. அவசரப்படாதீர்கள். அந்த மூலையில் மண் மற்ற இடங்களைவிட இளகியிருந்தது. பழங்காலத்தில் தோண்டிய சிறு பள்ளங்கள் அப்படித்தான் இளகியிருக்கும். இது பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி. ஓடும் அவ்வளவு சுத்தமாக வெளியே வந்தது. கழுவ வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கீறல்களின் உட்புறம் நேற்றுக் கீறியதுபோல வெளிர் நிறமாக இருந்தது. மணல் மூடிக் காத்திருக்கிறது பாருங்கள். இன்னொன்று. மேலே கிடைத்த முதல் ஓட்டில் கடைசி எழுத்து பாதியில் உடைந்திருக்கும். இந்த ஓட்டில் அந்த இடத்தில் உடைப்பு இல்லை, தாராளமாக இடம் இருக்கிறது, ஆனாலும் அந்த எழுத்து பாதியாகவே இருக்கிறது. அப்படியென்றால் அது பாதி எழுத்தே இல்லை. அந்த ஊர்க்காரர்கள் அதை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தது நான். அவர் ஊதிப் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் அல்ல இது.

அன்று மாலை அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் அதிக நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. நாங்க செஞ்சது மூணு. பெட்டியத் தொறந்து பாத்தா ரெண்டுதான் இருக்கு."

"அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?"

"உங்களுக்குக் கெடச்சது எங்களோடதா இருக்கலாம். பேப்பருக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கலாமே."

"டாக்டர், நீங்கள் மணல் பார்ப்பவர். ஓடு பார்ப்பவள் நான்."

தப்பு என்னுடையது, உங்களுடையது அல்ல, அதைத்தான் சொல்ல வந்தேன் என்றார். மிகவும் மென்மையாகச் சொன்னார். கேமராவுக்கு முன்னால் பேசும் அதே மென்மை. என் குரலை அழித்தவர், இப்போது என் ஓட்டையும் அழிக்கப் பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. அவர் கண்டெடுப்பதுபோல நடித்த இடத்தில் நான் உண்மையாகவே கண்டெடுத்தேன். அதைத் தாங்க முடியவில்லை அந்த மனிதருக்கு. நீங்களே சொல்லுங்கள், வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

ஜெபசீலனிடம் நேராகக் கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன், எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன் என்றார். அது துரோகம் என்றேன். "சந்தேகம் வந்தா கேக்கணும்னு நீங்கதான மேடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுப்பிய," என்றார். எவ்வளவு சாமர்த்தியமான பதில். பத்திரிகையாளர்களைக் கூட்டிய அன்று என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவர் பின்வரிசையில், காபி கொடுக்கிறவர் பக்கத்தில் நின்றிருந்தார்.

செய்தி நன்றாக வந்தது. படத்தோடு வந்தது. என் பெயரோடு வந்தது. அனுமதிக் குழுவின் தலைவர் தாமே அழைத்து, அடுத்த பருவத்தைப் பற்றிப் பேசலாம் அம்மா என்றார். முதல்வர் அம்மையார் கல்லூரி வாசலில் பதாகை வைத்தார். பால்காரர், அக்கா, நீங்களேதான் எடுத்தீர்களாமே என்றார். அந்த வாரம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் மறுபடியும் திரையில் வந்தார். மேசைமேல் ஒரு வெள்ளைத் துணி. துணிமேல் இரண்டு ஓடு. பின்னணியில் புல்லாங்குழல் வேறு. மூன்று செய்தோம், ஒன்றை விட்டுவிட்டு வந்துவிட்டோம், படம் அழகாக வர வேண்டும் என்ற ஆசையில் ஓர் ஆய்வுக் குழியை நான் அசுத்தப்படுத்திவிட்டேன், ஒரு விஞ்ஞானி செய்யக்கூடாத காரியம் என்றார். பிறகு, "பேராசிரியர் செண்பகவல்லி அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை," என்றார். அந்த நிகழ்ச்சியில் என் பெயர் உச்சரிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. கவனித்தீர்களா? என் ஆராய்ச்சியைச் சொல்லும்போது எனக்குப் பெயர் இல்லை. மன்னிப்புக் கேட்கும்போது பெயர் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கக்கூட அந்த மனிதருக்கு ஒரு கேமரா தேவைப்படுகிறது.

அதை நேர்மை என்று என் கணவர் சொன்னார். ஊரே சொல்கிறது. நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. பரவாயில்லை.

நிகழ்ச்சி முடிந்த கையோடு குழுத் தலைவர் அழைத்தார். குரலில் பழைய அன்பு இல்லை. ஓட்டைச் சென்னைக்குக் கொண்டு வாருங்கள், அவருடைய இரண்டையும் கொண்டு வரச் சொல்கிறோம், மேசையில் வைத்து உடைந்த விளிம்புகளைச் சேர்த்துப் பார்த்துவிடுவோம் என்றார். ஒரே ஓட்டின் துண்டுகள் என்றால் விளிம்பு விளிம்போடு போய் உட்கார்ந்துவிடும், இல்லையென்றால் உட்காராது. அது சரியான சோதனைதான். என் மாணவிகளுக்கு நானே அதைச் செய்து காட்டியிருக்கிறேன். உட்காராவிட்டால் அடுத்த பருவம் உங்களுக்குத்தான் என்றார். உட்கார்ந்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை.

அதற்காகத்தான் இந்தப் பயணம். நாளை பதினொரு மணிக்குக் கூட்டம். ஓடு இதோ, இந்தச் சம்படத்துக்குள் பஞ்சு சுற்றி இருக்கிறது. காட்டுகிறேன். அதற்கு முன், நிகழ்ச்சிக்கு மறுநாள் காலை என்ன நடந்தது என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும். ஒருவருடைய உண்மையான குணம் அப்படிப்பட்ட காலைகளில்தான் தெரியும்.

மறுநாள் காலை நல்லபெருமாள் வேம்படிமேட்டுக்கு வந்துவிட்டார். கேமரா இல்லை, அந்தப் பைகள் வைத்த கோட்டும் இல்லை. சாதாரணக் கதர்ச் சட்டை. கொட்டகைக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்த இரண்டு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். குழுவுக்கு முன்னால் உங்களை நிறுத்த எனக்கு விருப்பமில்லை, இங்கேயே நாம் இரண்டு பேர் மட்டும் பார்த்துவிடலாம், பொருந்திவிட்டால் உங்கள் வாயாலேயே நீங்கள் திருத்தம் சொன்னதாக இருக்கட்டும் என்று ஜெபசீலனிடம் சொல்லி அனுப்பினார். எனக்குச் சலுகை கொடுக்கிறாராம். நான் வெளியே வரவில்லை. அவர் உச்சி வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

ஜெபசீலன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு கொட்டகை வாசலில் நின்று, "ஒரு தடவ சேத்து வச்சிப் பாத்துருவோம் மேடம். உங்களுக்காவத்தான் சொல்லுதேன்," என்றார். நான் மைக்கூட்டைத் திறப்பதைக் கண்டு, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கிழக்கு மூலையைத் தார்ப்பாயால் மூடி நான்கு பக்கமும் கல் வைத்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

என் கணவர் அன்று காலை என்னிடம் சொல்லாமலே அந்த நிகழ்ச்சிக்கு ஒரு பாராட்டு அனுப்பியிருக்கிறார். பிறகு தெரிந்தது.

நான் என் வேலையைச் செய்தேன். ஓட்டின் பின்புறத்தில் மையால் குழியின் எண்ணை எழுதினேன். மணலுக்குக் கீழுள்ள அடுக்கின் எண்ணை எழுதினேன். என் கையெழுத்து எப்போதும்போல நேராக வந்தது. பிறகு விளிம்பைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் உப்புப் படிவு ஒட்டியிருந்தது. படிவோடு ஒரு பொருளைக் குழுவின் முன் வைப்பது முறையல்ல. தூரிகைக்கு அது மசியவில்லை. வரைபட மேசையில் பென்சில் தீட்டும் உப்புத்தாள் கிடந்தது. அதை எடுத்து இரண்டு விளிம்பையும், மேடு பள்ளம் எதுவும் கையில் தட்டாத வரைக்கும், பொறுமையாகத் தேய்த்தேன். பொறுமை எனக்கு நிறைய உண்டு. கொடுங்கள் உங்கள் விரலை. இங்கே. வழவழவென்று இருக்கிறதா? அவர் எந்தத் துண்டைக் கொண்டுவந்து வைத்தாலும் இனி இது எதனோடும் உட்காராது. கொட்டகையில் நான் உட்கார்ந்திருந்த பாயில் கொஞ்சம் சிவப்புத் தூள் விழுந்திருந்தது. ஈரத்துணியால் அதையும் துடைத்துவிட்டு, பாயை வெயிலில் போட்டேன்.